இலையில் படிந்த துகளும் இடம்பெயர்ந்த மக்களும்



பள்ளித் தோட்டத்தில் பூசணிக் கொடி ஒன்று படர்ந்திருக்கிறது. சில வாரங்களுக்கு முன்பு அதற்கு நீர் ஊற்றச் சென்ற நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி ஓடி வந்து, “ஐயா, யாரோ இலை மேல மாவு கொட்டிட்டாங்க!” என்று முறையிட்டாள். சென்று பார்த்தேன். பச்சை இலைகளின் மேல் திட்டுத் திட்டாக வெண்மை படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் துகளாக ஒட்டிக்கொண்டது. அதை எவரும் கொட்டவில்லை. அது சாம்பல் நோய். இலையின் மேல் வாழும் நுண்ணிய பூஞ்சை.

உருப்பெருக்காடி வழியாக மாணவர்களுக்கு அதைக் காட்டினேன். அறிவியல் பாடம் அவ்வளவில் முடிந்தது. ஆனால் என் மனம் அங்கு நிற்கவில்லை. இத்தகைய துகளொன்று அன்று இலங்கையின் மலைகளில் படியாமல் இருந்திருந்தால், இந்தத் தஞ்சோங் மாலிமில் நமக்கு இப்படியொரு தமிழ்ப்பள்ளி இருந்திருக்குமா? கேள்வி மிகையாகத் தோன்றலாம். பொறுமையோடு தொடர்ந்து படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள்

சாம்பல் நோயை உண்டாக்கும் பூஞ்சைகள் யாவும் எரிசிபேசியே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பூசணி, வெள்ளரி, திராட்சை, கோதுமை, ரப்பர் என ஒவ்வொரு பயிருக்கும் ஏற்ற வகை இக்குடும்பத்தில் உண்டு. இலையின் மேற்புறத்தில் நூலிழைபோல் படர்ந்து, மேல்தோல் உயிரணுக்களுக்குள் உறிஞ்சுறுப்பைச் செலுத்தி, இலை சமைத்து வைத்த உணவைக் குடித்து வளர்பவை இவை. உயிருள்ள செடி இன்றி இவற்றால் வாழ இயலாது. எனவே இவை இலையை உடனே கொல்வதில்லை, பிழைக்கவிட்டே உண்ணுகின்றன.

இவற்றைப் போலவே உயிருள்ள இலையைச் சார்ந்து வாழும் இன்னொரு கூட்டம் துருப் பூஞ்சைகள். குடும்பம் வேறு, வாழும் நெறி ஏறத்தாழ ஒன்றே. இவை இலைத்துளைகளின் வழியே உள்ளே நுழைந்து, இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் கலந்த செம்மை நிறத் தூளாக வெளிப்படும். இரும்பில் ஏறிய துருவைப் போன்று தோன்றுவதால் இப்பெயர் வந்தது. நம் கதை இந்தத் துருவிலிருந்துதான் தொடங்குகிறது.

மடுல்சீமை, 1869

1815இல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமானது. அதன்பின் இலங்கையின் மத்திய மலைநாட்டில் காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பி பயிரிடப்பட்டது. அராபிகா என்னும் ஒரே வகைக் காப்பிதான் மலைக்கு மலை தொடர்ந்து நின்றது. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற நம் மக்கள். மன்னாரில் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் பலர். காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் மிகுதியாகத் தேவை. ஆதலால் பருவத்திற்குப் போய், பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்புவதே பலரின் வழக்கமாக இருந்தது.

1869ஆம் ஆண்டு, மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் சில காப்பிச் செடிகளின் இலைகளின் அடியில் மஞ்சள் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரப் பூங்காவின் இயக்குநராக இருந்த துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சை இயல் அறிஞர் பெர்க்லி, புரூம் என்பவரோடு சேர்ந்து அதே ஆண்டில் அதற்குப் பெயர் சூட்டினார்: ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். அதன் வித்துத்துகளின் ஒரு பாதி வழவழப்பாகவும் மறுபாதி முள்முள்ளாகவும் இருப்பதை முதற்சொல் குறிக்கும். ‘பாழாக்குவது’ என்பது இரண்டாம் சொல்லின் பொருள். தோட்டத் துரைமார்கள் அப்பெயரை வேடிக்கையாகத் திரித்துப் ‘பேரழிவு எமிலி’ என்றழைத்தார்கள். அந்த வேடிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை.

இந்நோய் செடியை ஒரே நாளில் சாய்ப்பதில்லை. இலைகள் உதிரும். செடி புதிய இலைகளை விடும். அவையும் உதிரும். ஆண்டுக்கு ஆண்டு செடி வலுவிழந்து காய்ப்பு குறையும். 1870களில் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியிருந்தமையால், ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சல் தேய்ந்து வந்ததைத் துரைமார்கள் பொருட்படுத்தவில்லை. குறைந்ததை ஈடுகட்ட மேலும் காட்டை அழித்து மேலும் காப்பியையே நட்டார்கள். 1878 அளவில் காப்பி நின்ற பரப்பு சுமார் 275,000 ஏக்கர். பூஞ்சைக்கு வைத்த பந்தி அத்தனை நீளம்!

வார்டு கண்ட உண்மை

நிலைமை முற்றிய பின்னர், 1880இல் ஹாரி மார்ஷல் வார்டு என்னும் இளம் அறிஞரை அரசு இலங்கைக்கு வரவழைத்தது. இரண்டாண்டுகள் அவர் தோட்டங்களில் தங்கி ஆய்ந்தார். ஒட்டும் பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, அதில் வந்து படிந்த வித்துத்துகள்களை நுண்ணோக்கியில் கண்டார். காற்று அவற்றைச் சுமந்து செல்கிறது. ஈரமான இலையில் விழுந்தால் அவை முளைக்கின்றன. இலைத்துளை வழியே நுழைகின்றன என்று ஒவ்வொரு படியையும் மெய்ப்பித்தார்.

அக்காலத்தில் பலர் மண் கெட்டதாலும் பருவநிலை மாறியதாலும் இந்நோய் வந்தது என்றே நம்பியிருந்தனர். வார்டு அந்நம்பிக்கையைத் தகர்த்தார். தடுப்பேதுமின்றி ஒரே பயிரைக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நட்டதே அப்பூஞ்சைக்கு வாழ்வளித்தது என்பது அவர் எடுத்துக்காட்டிய பாடம். ஆயினும் அவரால் நோயைத் தீர்க்கும் மருந்தைத் தர முடியவில்லை. மருந்தை எதிர்பார்த்திருந்த துரைமார்களுக்கு இப்பாடம் ஏமாற்றமாகவே இருந்தது. செம்புக் கலவையைத் தெளித்து இலை நோய்களை அடக்கலாம் என்பது 1885 அளவில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில்தான் தெரியவந்தது. இலங்கைக் காப்பிக்கு அது காலங்கடந்த செய்தி.

1870 அளவில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி பவுண்டு எடையுள்ள காப்பியை ஏற்றுமதி செய்த இலங்கை, இருபதே ஆண்டுகளில் அதில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் பணத்தாள்களுக்கு அரசே பொறுப்பேற்க நேர்ந்தது.

துரைகளின் இழப்பு பவுண்டு கணக்கில் ஏடுகளில் பதிவாகியுள்ளது. தோட்டங்கள் முறிந்தபோது கூலி நிலுவையோடு கைவிடப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் இழப்பை எந்த ஏட்டில் தேடுவது? கையில் காசின்றி வந்த வழியே நடந்து திரும்பியவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

பருவத்திற்கு வந்தவர் நிலையாகத் தங்கினர்

காப்பி அழிந்த நிலத்தில் சிறிது காலம் சிங்கோனா நின்றது. அதன்பின் தேயிலை வந்தது. 1867இலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டிருந்தார். 1875இல் ஏறத்தாழ 1,000 ஏக்கராக இருந்த தேயிலைப் பரப்பு, அந்நூற்றாண்டு முடியுமுன் 300,000 ஏக்கரைக் கடந்துவிட்டது.

இவ்விடத்தில் ஒரு தவற்றைத் திருத்துவது நலம். காப்பித் துருவினால்தான் ஆங்கிலேயர் தேநீர் குடிக்கத் தொடங்கினர் என்று சிலர் எழுதுகின்றனர். அது சரியன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவர்கள் தேநீருக்குப் பழகிவிட்டார்கள். துரு மாற்றியது அவர்கள் குடித்த பானத்தையன்று. நம் மக்கள் வாழ்ந்த வாழ்வை.

எவ்வாறு? காப்பிக்குப் பருவ ஆள் போதும். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் கிள்ளப்பட வேண்டும். ஆகவே பருவத்திற்கு வந்து போனவர்கள் குடும்பத்தோடு லயங்களில் நிலையாகத் தங்கினர். பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர், பேரப்பிள்ளைகளும் பிறந்தனர். இத்தனைக்கும் பின்னர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. கேட்காமல் செய்யப்பட்ட பங்கீடு அது.

மலாயாவுக்கு வந்த வழி

காப்பியை இழந்த இலங்கைத் துரைமார்களில் சிலர் புதிய நிலம் தேடி மலாயாவுக்கு வந்தனர். அனுபவத்தால் சுட்டுக்கொண்டவர்கள், இம்முறை அராபிகாவுக்கு மாற்றாக லைபீரியக் காப்பியை நட்டனர். அது தாழ்நிலத்திலும் வளரும். துருவையும் ஓரளவு தாங்கும் என்று நம்பினர். இன்றும் மலேசிய மண்ணில் விளையும் காப்பி பெரும்பாலும் அந்த லைபீரிய வகையே. நம் ஊர்க் கடைகளில் நாம் அருந்தும் ‘கோப்பி’யின் பின்னால்கூட அந்தப் பழைய துருவின் தடம் இருக்கிறது.

துரைமார்களோடு வந்தது காப்பி விதை மட்டுமா? இலங்கைத் தோட்டங்களில் வேரூன்றிய கங்காணி முறையும் உடன் வந்தது. தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் சேர்த்துக் கொணரும் அம்முறையே பின்னாளில் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பல்லாயிரம் தமிழரைக் கொண்டுவந்து சேர்த்தது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அது ஓயவில்லை.

1890களின் இறுதியில் பிரேசிலின் மிகுவிளைச்சலால் காப்பி விலை வீழ்ந்தது. மலாயாவின் காப்பி நிரைகளுக்கு இடையே வேறொரு மரம் நடப்பட்டது. அதுதான் நம் பாட்டன் பாட்டியர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் வெட்டிய பால்மரம்.

விதை வந்தது, நோய் வரவில்லை

1876இல் ஹென்றி விக்கம் அமேசானின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவு. அவற்றிற் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 நம் பேரா மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். 1910 அளவில் ரப்பர் விலை விண்ணை முட்டியது. பேராவின் காடுகள் தோட்டங்களாயின.

இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அமேசான் காட்டில் ரப்பர் மரங்களைத் தாக்கும் கொடிய பூஞ்சை ஒன்று இருந்தது. அதற்குத் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் என்று பெயர். உலே என்னும் ஜெர்மானியர் திரட்டிய இலைகளிலிருந்து 1904இல் அப்பூஞ்சை அறிவியல் ஏட்டில் இடம்பெற்றது. அது ரப்பரின் இளந்தளிரைக் கருக்கிச் சுருட்டி உதிர்க்கும். விக்கம் கொண்டு சென்றவை விதைகள்; இலைகள் அல்ல. அவ்விதைகள் கியூவின் கண்ணாடி வீட்டில் முளைத்து, அங்கிருந்தே கீழ்த்திசைக்கு வந்தன. இலையில் வாழும் பூஞ்சை கடலுக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று இது. அக்காலத்தில் அப்படியொரு நோய் இருப்பதையே எவரும் அறியார்.

ஃபோர்டு கண்ட தோல்வி

இந்தத் தற்செயலின் விலை என்ன என்பதைச் சிற்றுந்து மன்னர் ஹென்றி ஃபோர்டின் கதை காட்டும். ஆங்கிலேயரின் ரப்பரை நம்பியிருக்க விரும்பாத அவர், 1928இல் அதே தபஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாண்டியா என்னும் தோட்ட நகரைத் தொடங்கினார். ரப்பர் பிறந்த மண்ணிலேயே ரப்பர்! வெற்றி உறுதி என்றே எவரும் எண்ணியிருப்பர்.

காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்பவை. ஒன்றில் பிடித்த நோய் மற்றொன்றை எளிதில் எட்டுவதில்லை. ஃபோர்டின் ஆட்கள் மலாயாவில் செய்ததைப் போல நிரை நிரையாக நெருக்கி நட்டார்கள். மரங்கள் வளர்ந்து கிளையோடு கிளை உரசத் தொடங்கியதும் இலைக்கருகல் கிளையிலிருந்து கிளைக்குத் தாவிற்று. 1934இல் பெல்தெர்ரா என்னும் இடத்தில் இரண்டாம் தோட்டம் தொடங்கினார்கள். கீழ்த்திசையின் உயர்விளைச்சல் வகைகளையும் கொண்டுபோய் நட்டார்கள். நோயையே கண்டறியாத அவ்வகைகள் அதற்கு இன்னும் எளிதாக இரையாயின. 1945இல் ஃபோர்டு நிறுவனம் அனைத்தையும் பிரேசில் அரசிடம் விற்றுவிட்டு வெளியேறியது.

அமேசானில் தோட்ட ரப்பர் வெற்றி பெற்றிருந்தால், மலாயாவின் ரப்பர் இத்தனைக் காலம் உலகை ஆண்டிருக்காது. 1980களின் இறுதி வரை உலகின் மிகப் பெரிய ரப்பர் உற்பத்தி நாடாக மலேசியா விளங்கியதில், அங்கே இருந்து இங்கே இல்லாத ஒரு பூஞ்சைக்கும் பங்குண்டு.

நம் தோட்டங்களில் வெண்துகள்

அப்படியானால் நம் தோட்டங்கள் நோயற்றவையா? இல்லை. பூசணி இலையில் நாம் கண்ட அதே எரிசிபேசியே குடும்பம் இங்கும் வந்தது. ரப்பரின் சாம்பல் நோய் 1918இல் சாவகத்தில் கண்டறியப்பட்டுப் பின்னர் மலாயாவிலும் இலங்கையிலும் பரவியது. ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரம் இலை உதிர்த்துச் செந்தளிர் விடும் வேளையில் அது தாக்கும். தளிர் சுருங்கி மீண்டும் உதிரும். அதனை அடக்க, காற்றசையாத விடியற்பொழுதில் கந்தகத் தூளைப் புகைபோல் மரங்களின் மேல் எழுப்பினார்கள். இலை உதிரும் காலத்தில் பால் குறையும். பால் குறைந்தால் கூலியும் குறையும். தளிர் மீண்டும் விழுந்தால் அப்பஞ்சம் நீளும். துரைக்கு விளைச்சல் கணக்கு. மங்கு தூக்கியவளுக்கு அடுப்புக் கணக்கு.

இத்தோட்டங்களிலிருந்துதான் நம் பள்ளிகள் எழுந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் இருக்கும் தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியைப் பெற்று ஆசிரியர்களை உருவாக்கும் ஊரான தஞ்சோங் மாலிமைச் சுற்றியும், பேராங், சிலிம் ரிவர் வட்டாரங்களிலும் இருந்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளின் கதை அதுவே. பின்னர் ரப்பர் சாய்ந்து செம்பனை நின்றது. மக்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்தனர். அவர்களோடு பள்ளிகளும் பெயர்ந்தன.

இன்றைய நிலை

தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் இன்றுவரை ஆசியாவுக்குள் நுழையவில்லை. 1956ஆம் ஆண்டின் தென்கிழக்காசிய, பசிபிக் வட்டாரப் பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் அந்நோயைத் தடுக்கவே தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடைச் சட்டமும் அதற்கென விதிகள் கொண்டுள்ளது. இந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு. நம் நாட்டு ரப்பர் மரங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த விக்கம் விதைகளின் வழித்தோன்றல்களே. ஒரே குருதி, ஒன்றுக்குள்ள பலவீனம் அனைத்துக்கும் உண்டு. இதை உணர்ந்தே 1981இல் அனைத்துலக ஆய்வுக்குழு ஒன்று அமேசானுக்குச் சென்று, கடுங்கண்காணிப்போடு புதிய விதைகளைத் திரட்டி வந்தது.

இதற்கிடையே வேறு பூஞ்சைகள் சும்மா இருக்கவில்லை. 2017 முதல் பெஸ்டலோடியோப்சிஸ் என்னும் பூஞ்சையோடு தொடர்புடைய இலையுதிர் நோய் மலேசியத் தோட்டங்களில் பரவிச் சிறுதோட்டக்காரர்களை வருத்துகிறது. காப்பித் துருவும் ஓயவில்லை. 1970இல் அது பிரேசிலை எட்டியது. 2012இல் நடு அமெரிக்காவின் சிறு விவசாயிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

நாம் செய்யக்கூடியவை

எல்லாவற்றுக்கும் பூஞ்சையே காரணம் என்று நான் சொல்லவில்லை. வறுமை, சாதி, பஞ்சம், பேரரசின் பேராசை ஆகியவையே நம் மக்களைக் கப்பலேற்றின. ஆனால் கப்பல் எந்தத் திசையில் சென்றது, இறங்கியவர் பருவம் முடிந்து திரும்பினாரா தங்கினாரா என்பதில் இலையில் படிந்த துகளுக்குப் பங்கிருந்தது. ஒரே பயிரை நட்டவர்களின் பிழைக்கு, நடக்க வைக்கப்பட்டவர்கள் விலை கொடுத்தார்கள்.

1. ஆசிரியர்களே, நுண்ணுயிர்ப் பாடத்தையும் வரலாற்றுப் பாடத்தையும் ஒருநாளேனும் இணைத்துக் கற்பியுங்கள். நோயுற்ற ஓர் இலையும் ஓர் உலக வரைபடமும் போதும்.

2. பெற்றோர்களே, வெளிநாடு சென்றால் செடி, விதை, தளிர் எதையும் அனுமதியின்றிக் கொண்டு வராதீர்கள். விமான நிலையத்துக் கெடுபிடியின் பொருளைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

3. வீட்டில் தோட்டத்து வாழ்வை அறிந்த முதியவர் இருந்தால், இலை உதிர்ந்த மாதங்களில் எப்படிக் குடும்பம் நடத்தினீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த ஏட்டை நாம் எழுதாவிட்டால் எழுதுவதற்கு வேறு எவரும் இல்லை.

பூசணிக் கொடியின் நோயுற்ற இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டோம். அடுத்த முறை பூசணியை மட்டும் நடாமல், இடையிடையே வெண்டியும் பயிற்றையும் நடுவதென மாணவர்களே முடிவு செய்துள்ளார்கள். மார்ஷல் வார்டின் பாடத்தை நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள் என்பதில் எனக்கு நிறைவு.